இரண்டாவது தோட்டா

எங்கள் பக்கத்தில் மக்காச்சோளம் ஊன்றும்போது குழிக்கு ஒரு விதைதான் போடுவார்கள். மதினி மட்டும் இரண்டு போடுவாள்.

“ஏன் மதினி, ஒண்ணு முளைக்காதா?” என்று கேட்டால், குனிந்தவாக்கிலேயே தலையைத் திருப்பிப் பார்ப்பாள்.

“தப்பிட்டுன்னா?”

அவள் வாயில் அதிகம் புழங்கிய சொல் அதுதான். முந்தானைக்கு ஒரு ஊக்கு குத்தினால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். கோவில்பட்டிக்கு எட்டு மணி பஸ்ஸில் போனால் போதும் என்கிற காரியத்துக்கு ஏழு மணிக்கே பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். ஏழு மணி பஸ் வராவிட்டாலும் எட்டு மணி பஸ் கையில் இருக்குமாம். ஆதார் நகல் இரண்டு, ரேஷன் கார்டு நகல் இரண்டு, அடுப்படியில் தீப்பெட்டி இரண்டு. செல்போனில் என்னைக் கூப்பிட்டுப் பேசி வைத்த பிறகும் மறுபடி அடிப்பாள். “முன்னாடி சொன்னது காதுல விழுந்துச்சுல்லா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

அவளுடைய புருஷன் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒருநாள் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

“எல்லாத்துலயும் ரெண்டு வச்சிருக்கீங்க. மாப்பிள்ளை மட்டும் ஒண்ணுதானா?”

“அந்த ஒரு எடத்துலதாம்ட்டி அசந்துட்டேன்” என்றாள். “பாரு, தப்பிட்டு.”

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டான். கோவில்பட்டியில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அவன் வாட்ச்மேன்.

கடம்பூர் ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிற வண்டிப்பாதையில் மதினியின் புஞ்சை இருந்தது. நாலு ஏக்கர் கரிசல். அவள் அம்மா அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் புஞ்சைக்கும் அதற்கும் ஒரே வரப்பு. அண்ணன் அதில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. உழவுக்கு டிராக்டர் கூப்பிடுவதிலிருந்து கதிர் ஒடிக்க ஆள் பிடிப்பதுவரை எல்லாம் அவள்தான். இரண்டு வருடம் அடுத்தடுத்து விளைந்த மக்காச்சோளத்தைப் பன்றி தின்றுவிட்டது. அதே நேரத்தில் சோலார் தகடு பதிக்க நிலம் வாங்குகிற ஆட்களும் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார்கள். “பேசாம குடுத்துருவோம்” என்று அண்ணன் பிடித்த பிடியில் நின்றான்.

“இன்னும் ஒரு வெள்ளாமை பாப்போம்” என்றாள் மதினி. “இதுவும் பன்னிக்குப் போச்சுன்னா நானே வந்து கையெழுத்துப் போடுதேன்.”

சொன்னால் சொன்னதுதான். எல்லாவற்றிலும் இரண்டாவது ஒன்றை வைத்திருப்பவள் நிலத்தில் மூன்றாவது வரைக்கும் வந்துவிட்டாள். அதற்குமேல் அவளிடம் ஒன்றுமில்லை என்பது ஊருக்கே தெரியும்.

பன்றி என்றால் தெருவில் திரிகிற பன்றி இல்லை, காட்டுப் பன்றி. எங்கள் ஊரில் காடு என்று ஒன்று கிடையாது. விதைக்காமல் போட்ட தரிசுகளில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதுதான் அவற்றுக்குக் காடு. பகலெல்லாம் அதற்குள் படுத்துக் கிடக்கும். மார்கழியில் கதிரில் பால் பிடிக்கும் பருவத்தை நம்மைவிடச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கும். வந்து தின்பது கொஞ்சம், மிதித்துச் சாய்ப்பது மிச்சம்.

அந்த இரண்டு வருடமும் மதினி செய்யாத வேலை இல்லை. பழைய சேலைகளைப் புஞ்சையைச் சுற்றிக் கட்டினாள். மற்றவர்கள் ஒரு சுற்றுக் கட்டுவார்கள், இவள் இரண்டு சுற்று. சலூனிலிருந்து முடியை அள்ளி வந்து வரப்போரம் தூவினால் அந்த வாடைக்குப் பன்றி வராது என்றார்கள். ஒரு சலூன் முடி போதாதென்று இரண்டு சலூனில் அள்ளி வந்தாள். கடைசியாகப் பென்டிரைவ் போடுகிற சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, அதில் அவள் குரலையே பதிந்து ஓடவிட்டாள். பதிந்து கொடுத்தவள் நான். “ஏய்! போ! தூ! போறியா இல்லியா!” என்று அது விடியவிடியக் கத்தும். முதல் வாரம் பன்றி வரவில்லை. இரண்டாவது வாரம் ஸ்பீக்கர் கட்டியிருந்த கம்புக்கடியிலேயே படுத்துப் புரண்டுவிட்டுப் போயிருந்தது.

“எனக்கு இருவது வருசமா பழகிப்போன சத்தம். பன்னிக்கு ரெண்டு வாரத்துல பழகிட்டு” என்றான் அண்ணன்.

துப்பாக்கி என்ற எண்ணம் வந்தது இடைசெவல் பக்கத்து ஆள் ஒருவரால். பட்டாளத்தில் இருந்து வந்த அண்ணாச்சி. லைசென்ஸ் வாங்கி ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். விதைக்கடையில் வைத்து மதினியிடம் அவரே தன் கதையைச் சொல்லியிருக்கிறார். பன்றியை விரட்ட ஒரு வெடி போட்டாராம். அது ஓடுவதற்குப் பதில் அவரைப் பார்த்துத் திரும்பிவிட்டதாம். துப்பாக்கியை மடித்து, வெறும் தோட்டாவை உருவிப் போட்டு, அடுத்ததைச் செருகுவதற்குள் அவர் வேம்பில் ஏறியிருந்தாராம். துப்பாக்கி கீழே கிடந்ததாம். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை.

“ரெண்டாவது தோட்டா தானா வராதா அண்ணாச்சி?”

“அப்படியும் உண்டும்மா. துப்பாக்கிக் குதிரையை இழுக்க இழுக்க அடுத்த தோட்டா தானா வந்து உக்காந்துக்கிடும். செமி ஆட்டோமேட்டிக்னு பேரு. வெளிநாட்டுல வேட்டைக்குப் போறவன் வச்சிருப்பான்.”

தன்னை மனதில் வைத்தே யாரோ ஒருவன் அதைச் செய்திருக்கிறான் என்ற மாதிரி மதினி அன்று சாயங்காலம் என்னிடம் ஓடி வந்தாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜும் முடித்திருந்தேன். அரசு வேலைக்கான தேர்வில் முதல் கட்டம் தேறி, அடுத்ததுக்குக் காத்திருந்த சமயம் அது. ஊரில் எவர் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் என் கைக்கு வரும். எனக்கு அதில் பெருமை உண்டு. மதினிக்கு என்னைவிட அதிகம். “எங்க நாத்தனா இங்கிலீஷ எளநி குடிக்க மாதிரி குடிப்பா” என்பாள்.

மத்தியானங்களில் வரப்பு வேம்புக்கடியில் உட்கார்ந்து துப்பாக்கி பார்க்க ஆரம்பித்தோம். என் செல்போனில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு துப்பாக்கியாகக் கழற்றி மாட்டிப் பேசினார்கள். முதல் முறையாகச் செமி ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதற்கென்றே வீடியோ இருந்தது. நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்பது அவள் சட்டம்.

“இதுல ரெண்டு வகை மதினி. தோட்டா வெடிக்கும்போது வார புகையில கொஞ்சத்தைப் பிடிச்சு, அதை வச்சே அடுத்த தோட்டாவைத் தள்ளுறது ஒண்ணு. துப்பாக்கி பின்னால உதைக்குதுல்லா, அந்த உதையில சுருள்கம்பி அமுங்கித் தள்ளுறது இன்னொண்ணு.”

“தோளை எது கூட உதைக்கும்?”

“ரெண்டாவது.”

“அப்ப மொதலாவதைப் பாரு.”

“அதுல உள்ள கரி பிடிக்குமாம். அடிக்கடி கழட்டித் தொடைக்கணும்.”

மதினி காலடியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலால் நுணுக்கி ஊதினாள். என் செல்போன் முழுக்கத் தூசியாகிவிட்டது.

“கரி கெடக்கட்டும். இது உள்ள போனா என்னாகும்னு கேளு.”

யாரிடம் கேட்பது? அவர்கள் பனியில் நின்று சுட்டார்கள். சேற்றில் முக்கி எடுத்துச் சுட்டார்கள். மழைக்குப் பசையாக அப்பி வெயிலுக்கு மாவாகப் பறக்கிற கரிசலில் சுட்டவர் ஒருவரும் இல்லை.

எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்று போட்டிருந்தது. மறுநாள் அவள் வீட்டுக்குப் போனபோது உலக்கையின் நடுவில் மணல் பையைக் கட்டித் தோளில் வைத்து நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் டூட்டி முடிந்து சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான்.

“என்னடி இது? பன்னிக்கு முன்னாடி என்னையக் கொல்லப் போறியா?”

“குறி பாக்கேன். செத்த அசையாம நில்லுங்க.”

“நான் வாட்ச்மேன். இருவது வருசமா காவல் காக்கேன். எனக்கே ஒரு விசிலுதான் குடுத்திருக்கான். இவளுக்குத் துப்பாக்கி கேக்குதாம் துப்பாக்கி.”

“விசிலுக்கு ஓடுற களவாணிதான் ஒங்க மில்லுக்கு வாரான். எனக்கு வாரவன் அப்படியா?”

துப்பாக்கியைத் தோளில் பதிக்கிற கட்டை நம் கை நீளத்துக்குப் பொருந்த வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை அளந்து பார்த்தோம். சாதாரண அளவு அவளுக்கு நீளம். குட்டைக் கட்டை வைத்ததும் உண்டு என்று தேடிப் பிடித்தேன். மரக்கட்டை பார்க்க அழகாக இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. மதினி ஒரே வார்த்தையில் தள்ளினாள். “கறையான் விடுமா?” குழலில் பன்னிரண்டு போர், இருபது போர் என்று இரண்டு அளவு இருந்தன. இருபது லேசானது, பெண்களுக்குத் தோது என்றார்கள். “லேசு கெடக்கட்டும். தோட்டா எது பக்கத்துல கெடைக்கும்? சாமானை வாங்கிட்டுத் தீனிக்கு அலையவா?” என்று பன்னிரண்டைப் பிடித்தாள்.

“நாலஞ்சு தோட்டா ஒண்ணா பிடிக்குமாம் மதினி.”

“ரெண்டு போதும். மூணாவதுக்குப் பன்னி நிக்காது, இல்லன்னா நான் நிக்கமாட்டேன்.”

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “அதைக் கொல்லவா போறீங்க?”

“கொன்னு என்ன செய்ய? திங்கவா?” என்று முகத்தைச் சுளித்தாள். “மொத வெடி தரையில விழணும். அந்தச் சத்தத்துக்கே போயிரணும். போகாம நம்ம பக்கம் திரும்பிட்டுன்னா, அதுக்குத்தாம்ட்டி ரெண்டாவது. குட்டி போட்டுக்கிட்டு வாரது. அதுக்கும் பசிதான?”

கடைசியில் ஒன்று முடிவாயிற்று. துருக்கிக்காரன் செய்தது, பன்னிரண்டு போர், புகையில் தள்ளுவது, குட்டைக் கட்டை, முழுக்கக் கறுப்பு. அந்தப் படத்தை அவள் செல்போனில் முன்பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். மாரியம்மன் படம் இருந்த இடம் அது.

ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த ரகத்துக்கு நம் ஊரில் சாதாரண ஆட்களுக்கு அனுமதி கிடைக்காது. மதுரையில் கடை இருப்பதும் தெரியும், நம்பரும் கிடைத்தது. நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதது கடைக்காரனுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்று இருந்தேன்.

லைசென்ஸுக்கான விண்ணப்பத்தோடு, எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்று ஒரு மனுவும் வைப்பது நல்லது என்றார் இடைசெவல் அண்ணாச்சி. ஆங்கிலத்தில் எழுதினால்தான் கலெக்டர் ஆபீஸில் மதிப்பு என்று சொன்னது நான். மதினி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“எதுக்குன்னு எழுத மதினி?”

“காவலுக்குன்னு எழுது.”

காவல் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல்லை எழுதிப் பார்த்தேன். அண்ணன் மில் வாசலில் நிற்கிற உத்தியோகம் மாதிரி இருந்தது. அதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். அத்தனை நாள் பார்த்த வீடியோவிலெல்லாம் ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதையே எழுதினேன். என் புஞ்சையிலும் அதைச் சுற்றியும் காட்டுப் பன்றிகளை ‘ஹண்டிங்’ செய்வதற்காக ஒரு செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி தேவைப்படுகிறது. அடித்தல் திருத்தல் இல்லாமல், மணிமணியான கையெழுத்து.

“காவலுக்குன்னு போட்டுட்டியா?”

“அதைவிட நல்ல வார்த்தையா போட்டிருக்கேன்.”

“அப்ப சரி” என்று கையெழுத்துப் போட்டாள். “இன்னொண்ணும் எழுதிரு.”

அவள் கேட்டபடி இன்னொரு பிரதியும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஆதார் நகல் மாதிரி அதுவும் பைக்குள் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள், அந்த இரண்டாவதை வனத்துறை ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததாக.

“பன்னி அவியளுக்குச் சொந்தமாம்லா. கலெக்டர் ஆபீசுல தப்பிட்டுன்னா, இவிய ஒரு வார்த்தை சொல்லுவாவ. சீல் குத்திக் குடுத்திருக்காவ, பாரு.”

வேட்டை குற்றம் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன், பரிட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பாடமும் நான் எழுதிய மனுவும் மனதில் ஒருநாளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. அந்த ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தபோதுதான் வந்து நின்றன. ஆனாலும் தாளை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். புஞ்சையில் கதிர் வாங்கி நின்றது. நானும் மதினியும் களை பிடுங்கிக்கொண்டிருந்தோம். வந்தவர்களில் மூத்தவர், வனவர், கெட்ட மனிதர் இல்லை. வரப்பில் நின்று சேலை வேலியையும் ஸ்பீக்கரையும் பார்த்தார். மற்ற இருவரும் கண்ணி, வெடி ஏதாவது இருக்கிறதா என்று ஓரமெல்லாம் தேடினார்கள். ஒன்றுமில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்தார்.

“இது ஒங்க கையெழுத்துதான?”

“ஆமா சார்.”

“செமி ஆட்டோமேட்டிக் கேட்டிருக்கீங்க. எங்க டிபார்ட்மெண்டுலயே எனக்கு அது கிடையாது. சரி, அது கெடக்கட்டும். வேட்டையாடன்னு எழுதியிருக்கீங்களே, தெரிஞ்சுதான் எழுதுனீங்களா?”

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். கோபம் இல்லை. கேள்விகூட இல்லை. பஸ் போய்விட்டதா என்று ரோட்டைப் பார்ப்போமே, அந்த மாதிரி.

“தெரிஞ்சுதான் சார். நான் சொல்லித்தான் எழுதுனாவ.”

“எழுதுனது யாரு?”

“கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆளு. பேரு தெரியாது.”

களைக்கொத்தைப் பிடித்தபடி நான் பக்கத்தில் நின்றேன். வனவர் என்னைப் பார்த்து, “நீங்க யாரும்மா?” என்று கேட்டார். நான் சொல்வதற்கு முன்னால் மதினி சொன்னாள். “நாத்தனா. படிக்க புள்ள. கவர்மெண்ட் வேலைக்குத் தேறியிருக்கு.” அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, “ஆல் த பெஸ்ட்” என்றார். நானும் சிரித்தேன். ‘தேங்க்ஸ் சார்’ என்றேன்.

அவர் மதினியிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார். போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அம்மா, பயிர்ப் பாதுகாப்புன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தீங்கன்னா நானே சிபாரிசு பண்ணியிருப்பேன், ஒரு ரெட்டைக் குழல் துப்பாக்கிக்கு. இது வேட்டைன்னு பதிவாகிப்போச்சு. மேல விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் பொழுதடைஞ்ச பெறவு புஞ்சைப் பக்கம் வராதீங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் கண்ணியில எந்தப் பன்னி செத்துக் கெடந்தாலும் மொத பேரு ஒங்க பேருதான்.”

“சரி சார். எம்புட்டு நாளாகும்?”

“ரெண்டு மாசம் ஆகும். கூடவும் ஆகும்.”

மதினி கதிர்களைப் பார்த்தாள். இன்னும் இருபது நாளில் பால் பிடிக்கும்.

ஜீப் போன பிறகு நான் அழுதேன். அவள் மறுபடி குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தாள். “அழுதா பேனா மை அழியவா போகுது? கொஞ்சம் அங்கன உள்ள கோரையையும் பிடுங்கு” என்றாள்.

மறுநாள் தூத்துக்குடிக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கிற மேசையைக் கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். சொல் தவறி எழுதப்பட்டுவிட்டது என்றால் எழுதியவரே வந்து, இன்ன தவறு இன்ன காரணத்தால் நேர்ந்தது என்று தன் பெயர், விலாசத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வனத்துறைக்கும் அனுப்பி விசாரணையோடு சேர்த்துவிடலாம் என்றார். வெள்ளைத் தாள் ஒன்றும் கொடுத்தார். “எழுதுனது யாரு, தெரியுமா?”

வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தேன். என் பெயர் ஒரு விசாரணைக் கோப்பில் இருந்தால் வேலைக்கு முன்னால் போலீஸில் விசாரிப்பார்களே, அப்போது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். எங்கள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி அடுக்கி என்னைப் படிக்க வைத்ததை நினைத்தேன். பேனா மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூடினேன்.

“போன காரியம் என்னாச்சுட்டி?” என்று கேட்டாள் மதினி.

“அந்தம்மா லீவு மதினி.”

“சரி. இன்னொரு தடவை போ.”

இரண்டாவது தடவை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். தூத்துக்குடி பஸ் ஒன்று போயிற்று, அடுத்தது வந்தது, அதுவும் போயிற்று. வெயில் சாய்ந்ததும் ஊர் பஸ்ஸில் திரும்பி வந்து, குடுத்துட்டேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. நம்பினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

மார்கழியில் அண்ணனைப் புஞ்சைக் காவலுக்குப் போகச் சொன்னாள். “மில்லுல நைட் டூட்டி” என்றான். அது உண்மைதான். காவலுக்கு ஆள் தேடினாள். வேட்டைக் கேஸ் உள்ள புஞ்சை என்று ஊரில் பேச்சாகிவிட்டதால் ஒருவரும் வரவில்லை. அவளே போயிருக்கலாம், யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை என்று நான்கூடச் சொன்னேன். “சரின்னு சொல்லிட்டேன்லா அந்த ஜீப்பு சார்ட்ட” என்றாள். தினமும் பொழுது அடைகிற நேரத்தில் புஞ்சையை இரண்டு சுற்று சுற்றி, ஸ்பீக்கரை முடுக்கிவிட்டு, வண்டிப்பாதையில் ஏறி வீட்டுக்கு வருவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் வாசல் லைட்டை அணைத்துவிடுவாள்.

ஐந்தாறு நாளில் முடிந்துவிட்டது. ஒவ்வொரு காலையும் ஒரு பக்கம் படுத்திருக்கும். கடைசி நாள் காலையில் நானும் அவளோடு போனேன். நாலு ஏக்கரும் பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடந்தது. குழிக்கு இரண்டாக முளைத்த தட்டைகள் இரண்டும் சேர்ந்தே ஒடிந்திருந்தன. மென்று துப்பிய கதிர்களில் பால் இன்னும் காயவில்லை. கறுப்பு மண்ணில் பெரிய குளம்புகளும் அவற்றுக்கு நடுவில் பொடிக் குளம்புகளும் தெளிவாகப் பதிந்திருந்தன. ஸ்பீக்கர் சார்ஜ் இறங்கி, அவள் குரலில் இழுத்து இழுத்து, “போ… போ…” என்று முனகிக்கொண்டிருந்தது. மதினி அதை நிறுத்தினாள்.

பிறகு ஒடிந்த தட்டைகளுக்கு நடுவே நடந்து, தப்பிய கதிர்களை ஒடித்து மடியில் போட்டாள். நானும் ஒடித்தேன். ஒரு மடி சேர்ந்தது.

“வாட்டுனா நல்லா இருக்கும்” என்றாள். “ஒங்க அம்மைக்கும் கொண்டு போ.”

வனத்துறையிலிருந்து மாசியில் தபால் வந்தது. குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை, விசாரணை முடிக்கப்பட்டது என்று இருந்தது. துப்பாக்கி மனு நிராகரிக்கப்பட்டதாகக் கலெக்டர் ஆபீஸிலிருந்து தனியாக ஒன்று வந்தது. இரண்டையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். அண்ணன் கேலி பண்ணக்கூட இல்லை. சோலார்காரர்களுக்குப் போன் போட்டான்.

கோவில்பட்டியில் பத்திரம் பதிகிற அன்றைக்கு என்னையும் கூட வரச் சொன்னாள். கூட்டம் அதிகம். எங்கள் முறை வர நேரமிருந்தது. பத்திரத்தை என் கையில் கொடுத்து, “வாசி, கேப்போம்” என்றாள். சுவரோரம் நின்று வாசித்தேன். அதுவரை நான் எதை வாசித்தாலும் விஷயத்தைத்தான் கேட்பாள், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

“‘மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல பாத்தியங்களும்…’”

“பாத்தியம்னா?”

“உரிமை மதினி.”

“‘…எவ்வித ஆட்சேபணையும் இன்றி…’”

“ஆட்சேபணைன்னா?”

“வேண்டாம்னு சொல்றது. மறுக்கிறது.”

“எது? ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

“மறுக்கிறது.”

“ம். மேல படி.”

வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து வாசித்தேன்.

“‘…இன்றைய தினமே மேற்படி சொத்தைத் தங்கள் சுவாதீனத்தில்…’”

அங்கே நின்றுவிட்டேன். எத்தனையோ பேருடைய பத்திரங்களில் அந்தச் சொல்லை வாசித்துக் கடந்திருக்கிறேன். ஒருவரும் நிறுத்திக் கேட்டதில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் போல நாக்கு நுனிவரை வந்தது.

“என்ன நிப்பாட்டிட்ட?”

“இதுக்கு எனக்கு அர்த்தம் தெரியல மதினி.”

“சுவாதீனமா? கைவசம் இருக்கதுக்குப் பேருட்டி. எங்க அம்மா எழுதித் தந்த பத்திரத்துலயும் கெடக்கும்.” தாளை எட்டிப் பார்த்தாள். “யாரு சுவாதீனம்னு போட்டிருக்கு?”

“அவங்க சுவாதீனம்னு.”

“சரியாத்தான் எழுதியிருக்கான்” என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.